படிக்கட்டில் பத்து அங்குலம்

கனடாவில் போய் இறங்கிவிட்டால் நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. அந்த ஊரில் கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்யும் மன்றத்தின் விதிகளில் இதைப் படித்தபோது, தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மூன்று முறை திரும்பப் படித்தேன். உரிமம் கிடைக்கும்வரை அந்தப் பெயரை விசிட்டிங் கார்டில்கூடப் போட்டுக்கொள்ளக் கூடாதாம். கணவருக்கு அங்கே வேலை உறுதியாகியிருந்தது. மகளுக்கு மூன்று வயது. அவளுக்காக நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடையாற்றில் இருக்கும்போதே விண்ணப்பித்து முதல் கட்டத்தையாவது தாண்டாவிட்டால், அங்கே போய் வீட்டோடு இருந்துவிடுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பயமுறுத்தினாலும் அந்த விதிகள் படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தன. முதலில் பட்டத்தை மதிப்பிடுவார்கள். பிறகு செய்த வேலைகளை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அதன்பின் இரண்டு பேர் காணொளியில் கேள்வி கேட்பார்கள். அதிலும் தேறினால், அந்த நாட்டுச் சட்டம், குளிர், பனி பற்றி ஒரு தேர்வு. இத்தனை நாள் கூரைமேல் பெய்து ஓடிவிடும் மழையைத்தான் யோசித்திருக்கிறேன். மாதக்கணக்கில் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கும் பனிக்கு எவ்வளவு எடை இருக்கும்? மகள் தூங்கும் மத்தியானங்களில் அதைத் தேடித் தேடிப் படித்தேன்.

மாட்டிக்கொண்டது ஒரே ஒரு கேள்வியில். கட்டுமானத்தின்போது எழுந்த ஒரு சிக்கலையும் அதில் நீங்கள் எடுத்த முடிவையும் எழுதுங்கள், ஆதாரம் இணையுங்கள் என்றது படிவம்.

பதில் உடனே வந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் பார்த்துக்கொண்ட வீடு. படிக்கட்டுக்குப் பதினெட்டுப் படிகள் வரைந்திருந்தேன். வீட்டுக்கார அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, ஒற்றைப்படையில்தான் வேண்டும் என்றார். வலது காலை வைத்து ஏறத் தொடங்கினால் வலது காலிலேயே முடிய வேண்டும். பதினேழாகக் குறைத்தால் ஒவ்வொரு படியும் உயரமாகி அவருடைய முட்டி தாங்காது. பத்தொன்பதாக்கக் கீழே ஒரு படி சேர்த்தால், ஏறும்போது தலை மேலே குறுக்கே போகும் பீமில் இடிக்கும். கடைசியில், கூடுதல் படியை மேலே சேர்த்து, மாடி ஹாலில் பத்து அங்குலத்தை எடுத்துக்கொண்டோம். தலை தப்பியது. "நான் இந்தத் தீர்வைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அன்று புதன்.

ஆதாரம்தான் இல்லை. எங்கள் ஊர் சைட்டில் எடுக்கும் முடிவுக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்? சுவரில் வரைவோம், பேசுவோம், கட்டுவோம். பிறகு பூச்சுவேலை வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போதுதான் படிக்கட்டுக்கு அடியிலுள்ள ஸ்டோர் ரூம் நினைவுக்கு வந்தது. அதன் உள்சுவரைப் பூசாமல் விட்டிருந்தோம்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

"வாம்மா. படிக்கட்டைப் பார்க்கவா கனடாவுலேருந்து வந்தே?"

"இன்னும் போகவே இல்ல ஆன்ட்டி."

பழைய சூட்கேஸ்களை நகர்த்தி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். செங்கல்மேல் சிமென்ட் கரைசல் தடவிய ஒரு திட்டில் என் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிறகு எண்ணினேன். கூடுதல் படியை நான் கீழே போட்டிருந்தேன். அதன்மேல் கரியால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் கரியாலேயே இன்னொரு படிக்கட்டு. அதில்தான் கூடுதல் படி மேலே இருந்தது. பீமுக்கு அடியில் ஒரு குச்சி மனிதன் வேறு, தலை இடிக்காமல் நடந்துகொண்டிருந்தான்.

கரி, அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியுடையது. நான் பென்சிலைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

ஸ்டோர் ரூமிலிருந்தே மேஸ்திரியை அழைத்தேன். அவர் தி.நகரில் ஏதோ சைட்டில் இருந்தார். பின்னால் டிரில் சத்தம்.

"இன்னா மேடம், கனடா போய்ட்டீங்களா?"

"இல்ல மேஸ்திரி, அதுக்குத்தான் ஒரு படிவம் எழுதுறேன். ஆர்.ஏ.புரம் வீட்டுல கூடுதல் படியை மேல போட்டோமே, அது உங்க யோசனையா, என்னுதா?"

"யாருதா இருந்தா இன்னா மேடம்? படி நிக்குது இல்ல?"

"சுவத்துல உங்க கரிக்கோடு இருக்கு. ஒரு ஆள் பொம்மைகூட இருக்கு."

"அது இன்னும் அங்கயே கீதா?" சிரித்தார். "உங்க பேரையே போட்டுக்கோங்க மேடம். எனக்கு இன்னா, அங்க மேஸ்திரி வேலையா குடுக்கப் போறான்? குடுத்தா சொல்லுங்க, ஸ்வெட்டர் வாங்கிக்கினு வந்துட்றேன்."

போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கரியைத் துடைத்துவிட்டு என் கோட்டை மட்டும் படம் எடுக்க முடியாது. அது தவறான கோடு. இதை விட்டுவிட்டு வேறு சிக்கல் எழுத இரண்டு நாளில் வேறு ஆதாரம் கிடைக்காது. அப்படியானால் இந்த வீட்டில் நான் என்னதான் செய்தேன்?

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சொன்னார்: "அவன் கோடு போட்டுட்டுப் போயிட்டான். ஹால் பத்து இன்ச் குறையும்னு எங்கிட்ட வந்து திட்டு வாங்கினது யாரு? சோபா போட இடமில்லன்னு உன்கூட ரெண்டு நாள் பேசவே இல்லையே நான்!"

மறந்தே போயிருந்தேன். மறுபடி வெளிச்சத்தைக் காட்டினேன். குச்சி மனிதனின் காலடியில் பென்சிலில் சிறியதாக எழுதியிருந்தது: படியிலிருந்து பீம் ஆறடி ஒன்பது அங்குலம், சரி. கீழே தேதி, என் கையெழுத்து. டேப் வைத்து அளந்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டு, அதுவரை கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுவதை நிறுத்தி வைத்தது நான்தான்.

வியாழக்கிழமை முழுவதும் பதிலைத் திருத்தினேன். என் வரைபடம் தவறு, மேஸ்திரி திருத்தினார், நான் சரிபார்த்து ஏற்றேன், உரிமையாளரிடம் சொன்னேன். அனுப்பும் முன் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்மையையும் சேர்த்தா அனுப்பப் போற?" என்றார். வெட்டலாமா என்று பத்து முறை யோசித்தேன். வெட்டவில்லை.

நேர்காணல் ஒரு மாலை ஆறரைக்கு. திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்த ஆண் கேட்டார்: மேஸ்திரி திருத்தாமல் இருந்திருந்தால்?

"கம்பி கட்டுமுன் எப்போதும் ஒருமுறை அளப்பேன். அப்போது கண்டுபிடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். சொன்ன மறுநொடியே, கடைசி வாக்கியத்தை எதற்குச் சொன்னோம் என்றிருந்தது.

அந்தப் பெண் வேறொன்றைக் கேட்டார். ஏன் ஒற்றைப்படை? வலது கால் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நிமிடம்" என்று எழுந்து போனார். திரும்பி வந்து, தன் வீட்டுப் படிகள் பதினான்கு என்றார். இத்தனை வருடமாக இடது காலில்தான் மாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அனுபவப் பகுதி ஏற்கப்பட்டது. தேர்வு மட்டும் பாக்கி. மேஸ்திரிக்குப் போன் செய்து சொன்னேன். தேர்வு முடியும்வரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதையும் சொன்னேன்.

"அப்போ அதுவரிக்கும் அங்க உங்கள இன்னான்னு கூப்புடுவாங்க?"

"தெரியல மேஸ்திரி."

"மேடம்னு கூப்புடலாம் இல்ல?"

போனை வைத்துவிட்டு விதிகளைத் திறந்து பார்த்தேன். அதற்குத் தடை எதுவும் இல்லை.