படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி

போன வாரம் வாசல் படியில் சறுக்கி விழுந்தேன். கைப்பிடி போடச் சொல்ல இன்று பத்து பெரண்டாம் வட்டாரத்தில் உள்ள இரும்புக் கிரில் கடைக்குப் போனேன்.

அங்கே வரைபடம் போடும் பெண் கணினியில் முப்பது டிகிரியில் ஒரு சாய்கோடு இழுத்தார். அதன் முனையில், கைப்பிடி வளையும் இடத்துக்கு ஒரு வட்டம். கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போனது.

“இப்படி விட்டா மூலையில கை இடிக்கும் அங்கிள். டேஞ்சன்ட் போடணும், சும்மா தொட்டுக்கிட்டுப் போகும்.”

அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். சாய்வு, மூலையே இல்லாமல் வளைவில் சேர்ந்தது.

“ஆன்ட்டி எவ்ளோ உயரம்? அவங்களுக்கும் எட்டணும்லா.”

“நான் மட்டும்தாம்மா.”

அதே கோட்டைப் படியின் மறுபக்கத்துக்கும் நகலெடுத்தார்.

“ரெண்டு பக்கமும் போட்டுருவோம் அங்கிள். யாராச்சும் வருவாங்கல்ல.”

சரி என்றேன்.

சனிக்கிழமை பொருத்துகிறார்கள். இடப்பக்கத்தைப் பிடித்துப் பார்க்க ஓர் ஆள் தேவை. தேநீர் உண்டு. யார் வருகிறீர்கள்?