ஆலை வாசலில் பதினோரு பேர்

அக்கா கோலிக்குண்டைத் தார்ச்சாலையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறார். அது உருண்டு சாக்கடை ஓரமாய்ப் போய் நிற்கிறது. "இங்க வேணாம் மேஸ்திரி, இறக்கம். எல்லாரும் வண்டிய இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவாங்க. மேல மிதிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க." எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொள்கிறார்.

நகரசபை வாடகை சைக்கிள் விடப்போகிறது. ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விட்டுவிடலாம். மொத்தம் நாற்பது நிலையம். எங்கெங்கே என்று சொல்வது இவர் வேலை. அங்கே குழி தோண்டிக் கம்பி நடுவது என் வேலை. ஆபீசில் இவர் 'கோலி மேடம்'. எனக்கு அக்கா. ஐம்பத்தாறு வயது. ஆம்பளை ஷூ, தோளில் மடக்கு ஸ்டூல். கம்ப்யூட்டர் வரைபடம் என்றால் முகம் சுளிப்பார். "அதுக்கு என்னிக்காவது கால் வலிச்சிருக்கா?"

ஸ்டூலைப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எண்ணுவார். அறுபது தேறாவிட்டால் நிலையம் கிடையாது. அவரே போட்ட சட்டம். பெரிய அதிகாரியின் தெருவுக்கே முப்பத்தேழு என்று எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

இப்படியே முப்பத்தொன்பது முடிந்தது. மிச்சம் ஒன்று. ஆஸ்பத்திரிப் பின்வாசலில் எண்பத்திரண்டு பேர். வேலை முடிந்த நர்ஸ்கள் பஸ்ஸுக்கு ஓடுகிற இடம். அப்படியும் நேற்று என்னை மூடிக்கிடக்கும் நூல் ஆலைக்குக் கூட்டிப்போனார். அவர் அப்பா வேலை பார்த்த ஆலை.

"அஞ்சரைக்கு கேட்டைத் திறந்தா முந்நூறு சைக்கிள் மேஸ்திரி. நாம பேசறது நமக்கே கேக்காது. அத்தனை மணியில எங்கப்பா மணி மட்டும் எனக்குத் தனியாத் தெரியும். முன்னாடி பார்ல துண்டைச் சுத்தி என்னைத் தூக்கி வச்சுக்குவாரு. கடைசி ஒண்ணு இங்க வந்துட்டா..." ஸ்டூலை விரித்துப் போட்டார்.

மூன்றேகாலுக்கு உட்கார்ந்தோம். ஐந்தேகால் வரை பதினோரு பேர். அதில் ஒருவர் வழி தவறி வந்தவர்.

"நான் வேணா நாலு நடை போயிட்டு வரேன்க்கா. சேத்துக்குங்க."

"நாலு எந்த மூலைக்கு? அறுபது நடை நடங்க, தொப்பையாவது கரையும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நோட்டில் பதினொன்று என்று எழுதினார். நோட்டை மூடினார். "ஆஸ்பத்திரியிலயே தோண்டிடுங்க."

கிளம்பலாமா என்றேன். "இருங்க" என்று வாட்சைப் பார்த்தார். முள் ஐந்தரையைத் தொட்டதும் என் தோளைப் பிடித்து ரோட்டிலிருந்து ஓரமாய் இழுத்து, பூட்டின கேட்டுக்கு வழிவிட்டு நின்றார்.