ஒம்புட்ஸ்மனுக்கு என்ன தமிழ்?

ஸ்பிரிங்வேலில் ஒரு இலவச சட்ட உதவி அலுவலகம். கட்டுப்போட்ட வலது கையை மேசைமேல் வைத்தபடி அண்ணை உட்கார்ந்திருந்தார். புகலிடம் தேடிப் படகில் வந்து, தற்காலிக விசாவில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இயந்திரம் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. வேலைக்கு அனுப்பிய முகவர் தனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு, அதன்பின் தொலைபேசியை எடுக்கவேயில்லை. அண்ணைக்கு மொழிபெயர்க்க வந்தவன் நான்.

எதிரே இருந்த முதிய பெண் தன்னார்வலர் ஸ்வீடனில் பிறந்தவர். ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம் என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி "குறைகேள் அதிகாரி" என்று சொன்னேன். அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கிற ஆக்களை நிறையப் பாத்திட்டன் தம்பி. கேட்டாப் பிறகு என்ன செய்வினம்?"

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஒம்புட்ஸ்மன் தன் தாய்மொழிச் சொல் என்றார். ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பைப் பழைய நோர்ஸ் மொழியில் 'உம்போத்' என்பார்களாம். அதன் வழியே வந்தது ஸ்வீடிஷ் 'ஒம்புட்'. இன்றும் ஒருவருடைய தபால் பார்சலை வேறொருவர் போய் வாங்கிவந்தால், போனவர் அவருடைய ஒம்புட். "உங்களுக்குப் பதிலாகப் போகிறவர்" என்றார். தமிழ்நாட்டில் இதே பதவியைக் குறைதீர்ப்பாளர் என்கிறார்கள். கேட்பவரும் தீர்ப்பவரும் கிடைத்துவிட்டார்கள். போகிறவரைத்தான் நாங்கள் தமிழில் எங்கோ தவறவிட்டோம்.

முறைப்பாடு போனது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, இது தங்கள் அதிகாரத்துக்குள் வராது, வேறிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. அந்த வேறிடம் இன்னோரிடத்தைக் காட்டியது. ஒவ்வோர் அழைப்பிலும் அண்ணையின் குரலாக, "என் விரல்கள் போய்விட்டன" என்று நான் சொன்னேன். எந்தக் கை என்று மறுபடியும் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளன் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. "வலது கை" என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் அண்ணை வேறு மாநிலத்திலுள்ள மெரிலேண்ட்ஸிலிருந்து அழைத்தார். அங்கே பழக்கடை ஒன்றில் வேலைக்கு நிற்கிறாராம். முறைப்பாடு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது கிடக்குது. நாளைக்கு எங்கட வீட்டில கூட இருக்கிற பெடியனோட ஒரு ஒஃபிசுக்குப் போறன். வேலையில அவனுக்கு முதுகில அடி."

"இப்ப உங்களுக்கு இங்கிலீஷ் வருமோ அண்ணை?"

"வராது. இன்ரபிரிட்டர் போனில வருவாராம். நான் சும்மா பக்கத்தில இருப்பன். தனிய இருந்தாத்தான் ஆளைக் கெதியா எழும்பிப் போகச் சொல்லுறாங்கள்."