மரிய ஜோசப்பின் இரவல் மூக்கு

தானே புயல் அடித்து ஓய்ந்த கையோடு, கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு வதந்தி அடித்தது. மரிய ஜோசப் என்பவர் பக்கத்து வீட்டு மாரியம்மாளின் மூக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்பது செய்தி. மீன் மார்க்கெட்டில் அதை மாத வாடகை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், இல்லை, மூன்று வருடப் போக்கியம் என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த விவரமான ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கிரயமே முடிந்துவிட்டது, பத்திரப்பதிவுதான் பாக்கி என்றார்கள்.

நேரில் போய் விசாரித்தால் வதந்தியில் கால் பங்குதான் உண்மை. வாடகை, போக்கியம், கிரயம் மூன்றும் பொய். வெறும் இரவல்.

ஜோசப்புக்கும் சொந்தத்தில் ஒரு மூக்கு உண்டு. பார்க்க எடுப்பாகவே இருக்கும். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கு முன்னால் அதுதான் தெரியும். ஆனால் அதற்கு எந்த வாசனையும் எட்டாது. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவர் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவர். ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு வெறும் சிவப்புத் தண்ணீராக இருந்தது. சளி என்றார் கம்பெனி டாக்டர். அடுத்த வருடம் போனபோதும் அதே சளி என்றார். கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, எங்கே என்ன கசிகிறது என்று முதலில் மோந்து பார்க்க வேண்டியவரே நீங்கள், இந்த மூக்கோடு உங்களை உள்ளே விடுவது உங்களுக்கே நல்லதில்லை என்று ரொம்ப அக்கறையாகப் பேசி, ஒரு சால்வையையும் போர்த்தி அனுப்பிவிட்டார்.

தொழிற்சாலைக்கு ஆகாத மூக்கு வீட்டுக்குப் போதும் என்று ஜோசப் நினைத்தார்.

வீட்டில் அவரைத் தவிர இரண்டு பேர். மனைவி ஆரோக்கிய ராணிக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. மகள் ஜெனிபர் அங்கேயே கல்லூரியில் முதல் வருடம். இரண்டு பேரும் விடிந்ததும் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். ஆகவே அடுப்படி ஜோசப்பின் பொறுப்பில் வந்தது. இருபது வருடம் ரியாக்டரைப் பார்த்துக்கொண்ட மனிதனுக்குக் குக்கர் எம்மாத்திரம்?

முதல் மாதம் பெருங்காயத்தோடு சண்டை. போட்டோமா இல்லையா என்பது மோந்தால்தானே தெரியும்? சந்தேகத்துக்கு ஒரு தரம், நிச்சயத்துக்கு ஒரு தரம், பூசைக்குப் போய்வந்து இன்னொரு தரம் போட்டார். அன்றைய ரசத்தை ஜெனிபர் மருந்துபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அடுத்தது நல்லெண்ணெய் என்று நினைத்து விளக்கெண்ணெயில் வத்தக்குழம்பு வைத்தது. ருசி பார்த்தபோது உப்பும் புளிப்பும் உறைப்பும் அச்சு மாறாமல் இருந்ததால் அவரே இரண்டு தட்டு சாப்பிட்டார். மறுநாள் சிதம்பரம் பஸ் ராணியையும் ஜெனிபரையும் பற்றிக் கவலைப்படாமல் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் பின்பக்கக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"இன்னாங்க இது," என்றாள் ராணி, சுவரைப் பிடித்துக்கொண்டு. "ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லணுமே. இன்னான்னு சொல்றது?"

"பேதின்னு சொல்லு."

"அது தெரியுது. யாரால பேதின்னு கேட்டா?"

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். ஊசிப்போன தேங்காய்ச் சட்னியை அவர் ஜெனிபரின் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பியது சிரிக்கிற விஷயமாக இல்லை. பிள்ளை வகுப்பிலேயே வாந்தி எடுத்து, ராணி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள். அன்றைக்குத்தான் ராணி முதன்முதலாக ஹாஸ்டல் பேச்சை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான லேடீஸ் ஹாஸ்டல். மெஸ் உண்டு. மகளையும் கூட வைத்துக்கொள்ளலாம். கணவரை வைத்துக்கொள்ள முடியாது.

அதற்குப் பிறகுதான் ஜோசப் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாரியம்மாள் வீடு. காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்றுவிட்டு, மதியத்துக்குள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறவர். ஆயுசு முழுக்க மீன் கூடை சுமந்தவரிடம் போய் ஒரு மனிதன் மூக்கைக் கடன் கேட்கிறான் என்றால் அவன் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மாரியம்மாளின் மூக்கு லேசுப்பட்டது இல்லை. கரண்டியைச் சுவருக்கு மேலே நீட்டினால் போதும்.

"பச்ச வாசன போவல தம்பி. எறக்காத."

"இப்ப பாருங்க அக்கா."

"இப்ப என் வூட்டு நெத்திலி வாசனதான் வருது. இரு, அத மூடி வெச்சுட்டு வரேன்." திரும்பி வந்து இன்னொரு தரம் மோந்தார். "ம். இப்ப கொழம்பு. அடுப்ப அமத்து."

சில நாள் கரண்டியே தேவைப்படாது. வாசலில் உட்கார்ந்தபடியே கத்துவார்: "ஜோசப்பு! அடி பிடிக்குது, ஓடு!" ஜோசப் ஓடுவார். தெரு மொத்தமும் பார்க்கும். வதந்தி அப்படித்தான் பிறந்தது. அது பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் ராணியின் காதுக்கும் வந்துவிட்டது.

"பஸ்ஸுல எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்து சிரிக்கிறாங்க," என்றாள் ராணி. "அந்தம்மா ஒருநா மார்க்கெட்டுக்குப் போயி லேட்டாச்சுன்னா? ஊருக்குப் போயிட்டாங்கன்னா? அப்ப எந்தச் சுவத்துல போயி நிப்பீங்க?"

"ஒரு சான்ஸ் குடு ராணி. ரெண்டு பேரும் போயிட்டா இந்த வூட்டுல நான் இன்னா பண்ணுவேன்? யாருக்குச் சமைக்கிறது?"

ராணி டிபன் பாக்ஸ் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "தவக்காலம் முடியட்டும். பாஸ்கா வரைக்கும் பாப்போம்," என்றாள்.

இந்த இடத்தில் ஜோசப்பின் கனவுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விழித்திருக்கும்போது செத்துக் கிடந்த மூக்கு, தூங்கினால் எழுந்துகொள்ளும். ஒரு கனவில் சாமியார் தூபம் போட்டுக்கொண்டு வருகிறார். தூபக்கலசத்திலிருந்து வறுத்த நெத்திலி வாசனை வருகிறது. சபை முழுக்க முழங்காலில் நின்று எச்சில் விழுங்குகிறது. இன்னொன்றில் தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது, எல்லோரும் முகமூடியோடு வரிசையில் நிற்கிறார்கள், மேனேஜர் வால்வைத் திறந்து பாயசம் பிடித்துக் கொடுக்கிறார், ஏலக்காய் வாசனை ஆளையே தூக்குகிறது. காலையில் இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல ஜெனிபருக்குப் புரை ஏறும்.

"அப்பா, உங்க கனவுக்கே ஒரு மெஸ் தொறக்கலாம்ப்பா."

"சிரிக்காதடி. வாசன தெளிவா வருது. மூளைக்குள்ள லைன் இருக்கு. எங்கியோ அடைச்சிருக்குது, அவ்ளோதான்."

ராணி சிரிக்கவில்லை. மூக்கு டாக்டர் ஒருவரிடம் அவள் தனியாகக் கேட்டிருந்தாள். அந்த லைன் இனி வராது என்று அவர் சொல்லியிருந்தார். ஜோசப்பிடம் அதைச் சொன்னபோது, டாக்டர் புதுசு போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு எட்டு நாள் இருந்தது; குருத்து ஞாயிறுக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை இருவருக்கும் அரை நாள். மூன்று மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஜோசப் கிழங்கா மீன் வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். அன்று சுவர் பக்கம் போகவே இல்லை. கடுகு வெடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டார். எண்ணெய் ஓரத்தில் பிரிவதைக் கண்ணால் பார்த்தார். மிச்சத்துக்குத் தன் மூக்கையே நம்பினார். அது வழிக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. குழம்பை இறக்கி மூடி வைத்து, வருகிறவர்களுக்குக் காபி போடப் பாலை அடுப்பில் சிறு தீயில் வைத்துவிட்டு, கூடத்து நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தார். கரண்ட் இல்லை. அந்த வருடம் எப்போது இருந்தது? வெக்கையில் கண் சொருகியது.

பால் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. அடுப்பு மட்டும் அணையவில்லை.

கனவில் ஒரு பலாப்பழம் வந்தது. பண்ருட்டிப் பழம், ஆள் உயரம். யாரோ அதை அரிவாளால் பிளக்கிறார்கள். வாசனை தெரு முழுக்க நிறைகிறது. ஜோசப் கண் விழித்தார். விழித்த பிறகும் வாசனை இருந்தது. மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். இருந்தது! எழுந்து பால் என்ன ஆயிற்று என்று பார்க்க ஜன்னல் சாத்தி இருட்டாக இருந்த அடுப்படிக்குள் போனவர், லைட் சுவிட்சைத் தட்டிக்கொண்டே கத்தினார்:

"அக்கா! எனக்கு வாசன வருது! பலாப்பழ வாசன வருது அக்கா!"

"பாவி! கேஸுடா அது!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "சுவிச்சத் தொடாத! வெளிய வாடா!"

அறுபது வயது மாரியம்மாள் வாசல் சுற்றி வரவில்லை, சுவரேறிக் குதித்தார். ஜோசப்பைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ரெகுலேட்டரைத் திருகி, ஜன்னலை அடித்துத் திறந்தார். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டே ஏசினார்.

"சுவிச்சத் தட்டினியே, கரண்ட் இருந்திருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல. புயல்ல பண்ருட்டிப் பலா மரம் பூரா வேரோட சாஞ்சு கெடக்குது. உனக்கு மட்டும் எங்கேர்ந்துடா பலாப்பழம் வருது?"

அந்த வருடம் கடலூரில் மின்வெட்டை வாயார வாழ்த்தியவர் மாரியம்மாள் ஒருவர்தான்.

ராணியும் ஜெனிபரும் வந்தபோது வாசலிலேயே கேஸ் வாசனை அடித்தது. நடந்ததை மாரியம்மாள் சொல்ல, ராணி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் படியில் உட்கார்ந்தாள்.

"நெஜமா வந்துச்சு ராணி," என்றார் ஜோசப். "முழிச்ச பெறகும் இருந்துச்சு."

ராணி எழுந்து உள்ளே போய் ரெகுலேட்டரை இன்னொரு தரம் திருகிப் பார்த்தாள். ஜெனிபர் அழுத முகத்தோடு அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "கண்ண மூடுங்கப்பா," என்றாள். தலையிலிருந்த பூவை உருவி அவர் மூக்குக்கு அருகில் பிடித்தாள். "இன்னா வாசன வருது?"

ஜோசப் ஆழமாக இழுத்தார். நேரம் எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"மல்லி," என்றார். "நல்ல மல்லி."

கண்ணைத் திறந்தார். மகள் கையில் இருந்தது கனகாம்பரம்.

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மாரியம்மாள்கூட எழுந்து கூடையை எடுக்கப்போவது போலப் போய்விட்டார். மாங்காய் போட்ட மீன் குழம்பை மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. ராணி அதைச் சொன்னாள். "கொழம்பு நல்லாருக்குங்க. கொழம்பா இப்ப விஷயம்?"

பாஸ்கா வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை ராணியின் தம்பி மரிய அருள் வேன் கொண்டுவந்தான். பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றிய பிறகும் தயங்கி நின்றான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. அக்கா சிலிண்டரையும் எடுத்துட்டு வரச் சொல்லுச்சு."

"லேடீஸ் ஹாஸ்டல்ல அத மட்டும் சேப்பாங்களா மச்சான்?"

"அது எங்க வூட்டுக்கு மாமா."

"எடுத்துட்டுப் போ. அடுப்பையும் எடுத்துக்கோ, அது மட்டும் தனியா இங்க எதுக்கு?"

அருள் சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டு அடுப்பையும் எடுத்துப் போனான்.

இப்போது ஜோசப் மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். சாம்பார் சரியில்லை என்று எல்லோரும் சண்டை போடுகிற மெஸ்ஸில் அவர் ஒருவர்தான் குறை சொல்லாத வாடிக்கையாளர். அதனால் அவருக்கு அப்பளம் ஒன்று கூடுதலாக வைப்பார்கள். ராணியும் ஜெனிபரும் முதல் மாதம் ஒன்று தவிர எல்லா ஞாயிறும் வந்தார்கள். பிறகு ஜெனிபருக்குப் பரீட்சை. பிறகு ராணிக்கு ஞாயிறு டூட்டி. கனவு இன்னும் வருகிறது. அதில் சாமியார் தூபம் போடுகிறார், மேனேஜர் பாயசம் ஊற்றுகிறார். வாசனைதான் வருவதில்லை.

வராத அந்த ஒரு ஞாயிறுதான் பாஸ்கா. அன்று மதியம் மாரியம்மாள் சுவருக்கு மேலே ஒரு எவர்சில்வர் தூக்கை நீட்டினார். "வஞ்சிரம். நாளும் கெழமையுமா மெஸ்ஸுல போயி உக்காராத." ஜோசப் சாப்பிட்டார். தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, அலமாரியில் வைத்தார். அங்கேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். ஜோசப்பும் ஒரு தரம் சர்க்கரை வாங்கிவந்து தூக்கில் கொட்டினார். பார்த்தார். ஒரு தவக்காலம் முழுக்கக் கரண்டி கரண்டியாக மோந்து பார்த்து, கடைசியில் சுவரும் குதித்தவருக்கு ஒரு கை சர்க்கரையா? திரும்ப எடுத்துக் காகிதத்தில் கட்டினார். தன் கையால் ஏதாவது சமைத்துத்தான் கொடுக்க வேண்டும். அடுப்பு அருள் வீட்டில் இருக்கிறது.

"தம்பி," என்று நேற்றும் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. "அந்தத் தூக்க எங்க வெச்ச?"

"இருக்கு அக்கா. தரேன்."

"வெறுமனே குடுடா, பரவால்ல. எனக்குக் கொழம்பு எடுத்துட்டுப் போவ வேற ஏனம் இல்ல."

"வெறுமனே எப்படிக்கா குடுக்கறது?" என்றார் ஜோசப். "அடுத்த வாரம் கண்டிப்பா தரேன்."