மூட்டத்துக்குள் போன கார்

இந்த ஃபேஸ்புக் குரூப்பில் என் பழைய போட்டோ ஒன்றின் கீழே "பயமே தெரியாத லேடி" என்று யாரோ எழுத, பலரும் ஆமாம் போட்டிருக்கிறீர்கள். தவறு. தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

அந்தப் போட்டோவில் என் பக்கத்தில் நிற்கும் ஆறுமுகம் நேற்று இறந்துவிட்டார். ஈப்போவில், மகள் வீட்டில்.

எங்கள் தேயிலை எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். 'டிரைவர்' என்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் தவறு.

என் கையில் இருப்பது ரிமோட் கண்ட்ரோல் கார் ஓட்டும் ரிமோட். "மகனுடைய விளையாட்டுச் சாமான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு மகன் இல்லை... அந்தக் கார் என் கணவருடையது.

அவர் எஸ்டேட் ஆபீஸில் கிராணி, அதாவது கிளார்க். எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் போனபோது பெட்டியோடு வாங்கி வந்தார். எல்லாம் தனித்தனிப் பாகங்கள், நாமே பூட்ட வேண்டும்.

பாதிதான் பூட்டினார். எஸ்டேட் கிளப்புக்குக் கீழே இருக்கும் வளைவில், பனிமூட்டத்தில், லோரி மோதிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூட்டம் இறங்கினாலே நான் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவேன். கேமரன் மலையில் இருந்துகொண்டு மூட்டத்துக்குப் பயம்! கான்வென்டில் படித்தவள், அதே ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு நிமிர்ந்து போனவள்... யாரிடம் சொல்வது?

பெட்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், "யாருக்காவது கொடுத்துடுங்க" என்றேன். ஆறுமுகம் திறந்து பார்த்தார்.

"கிராணி நல்லாத்தான் பூட்டியிருக்காரு. முன் சக்கரத்தை மட்டும் பின்னால போட்டுட்டாரு."

"அவர் அப்படித் தப்பா செய்ய மாட்டார்."

"சரி, கார்தான் தப்பு. ஞாயித்துக்கிழமை டென்னிஸ் கோர்ட்டுக்கு வாங்க கிராணியம்மா. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுக் கொடுக்கலாம்லா."

ஓட்டினேன். கொடுக்கவில்லை.

துரைமார் போன பிறகு யாரும் விளையாடாத டென்னிஸ் கோர்ட் அது, கிளப்புக்குப் பின்னால். ஆறுமுகம், மலையில் வேலை மேற்பார்வை பார்த்த கண்டக்டர் தேவசகாயம், லெம்பா பெர்த்தாம் பக்கம் காய்கறித் தோட்டம் போட்ட ஆ செங், நான். ஞாயிறு தவறினால் ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

அங்கே யாரும் என்னைப் பார்த்து 'பாவம்' என்று சொன்னதில்லை. "பேட்டரி சார்ஜ் பண்ணீங்களா?" என்றுதான் கேட்டார்கள். அந்த வருடம் முழுக்க என்னிடம் ஒழுங்கான கேள்வி கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

வேலியில் ஒரு கயிறு கட்டி, கலர் கலராகத் துணி கிளிப் மாட்டியிருப்போம். ரிமோட்டின் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு கலர், கலருக்கு ஒரே கிளிப். கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டிய பிறகுதான் சுவிட்ச் போடலாம். ஒரே கலரில் இரண்டு ரிமோட் ஆன் ஆனால், கார் யார் பேச்சையும் கேட்காது.

என் கலர் சிவப்பு. தேவசகாயத்துக்கும் சிவப்பு. "ரெண்டு பேர்ல ஒருத்தர் மாத்திக்குங்க" என்று ஆறுமுகம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

ஒரு ஞாயிறு மத்தியானமே மூட்டம் வந்துவிட்டது. என் கார் ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே, கயிற்றில் கிளிப் இருக்கிறதா என்று பார்க்காமல், சுவிட்சைப் போட்டுவிட்டார்.

என் கார் ஒரு துள்ளு துள்ளி, வேலி ஓட்டையில் புகுந்து, சரிவில் இறங்கி... போயேவிட்டது.

கீழே அந்த வளைவு. லோரி ஏறி வரும் சத்தம்.

"தாக்குட் கா?" பயமா என்று ஆ செங் மலாயில் கேட்டார்.

"குளிர்" என்றேன்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஆறுமுகம் சரிவில் இறங்கினார். நாலு எட்டில் அவரும் மூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

காருக்காகவா பயந்தேன்? இன்னொரு மனுஷன் அதே வளைவுக்குப் போகிறார்...

"கார் வேண்டாம், ஏறி வந்துடுங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

லோரி கடந்து போனது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் உள்ளேயிருந்து, "கிராணியம்மா... இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

"உங்க ரிமோட்டை மட்டும் ஆன் பண்ணுங்க. காரை ஓட்டாதீங்க, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புங்க. சத்தத்தை வச்சு எடுத்துடுறேன்."

திருப்பினேன். எல்லோரும் மூச்சை அடக்கி நின்றோம். எங்கோ கீழே, கொசு மாதிரி, ங்ஙீ... ங்ஙீ...

"இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

"அப்ப திருப்புங்கலா! கை தூங்கிடுச்சா?"

தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து ஏறி வந்தார். அடுத்த வாரம் தேவசகாயம் தானாகவே மஞ்சளுக்கு மாறினார்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். ஆறுமுகம் ஈப்போவுக்கு, நான் மலையிலேயே தானா ராத்தா டவுனுக்கு.

கைப்பேசி வந்த பிறகு தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். "இருக்கீங்களா?" நான் "இருக்கேன்" என்று போடுவேன். அவ்வளவுதான். நலம் விசாரிப்பது, பூப்படம் அனுப்புவது எதுவும் கிடையாது.

இந்த வாரம் வரவில்லை. நானாகக் கேட்டிருக்கலாம்... பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. நேற்று அவர் மகள் எழுதினாள்.

இதை எழுதும்போது வெளியே மூட்டம். எதிர்வீடு தெரியவில்லை. வீட்டில் நான் மட்டும்தான். நாளைக்கு நான் எழுந்திருக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. குளிர் இல்லை.

ஆறுமுகம், பார்த்து இறங்குங்கள். சரிவு வழுக்கும்.

தேவசகாயத்தின் பிள்ளைகளும் ஆ செங்கின் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களில் ஒருவர் நாளைக் காலையில் எனக்கு "இருக்கீங்களா" என்று எழுதுங்கள். போன் வேண்டாம், காது சரியாகக் கேட்பதில்லை. லைக் போட்டால் போதாது. எழுதுங்கள்.