அசையாத எண்

என் அக்காவுக்கு வீட்டில் சந்தேகப் பிராணி என்று பெயர். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பிழைப்பும் அதற்கேற்றதுதான். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப்பெட்டிகளுக்கு பாஸ்கல் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். அதைச் சரிபார்க்கும் கம்பைலர், தவறு என்றால் கத்தும். வெறும் சந்தேகம் என்றால் ஒரு வரி முணுமுணுத்துவிட்டுப் போய்விடும்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் அப்படியொரு பெட்டிக்குள் கிடந்தாள். திரையில் அவள் உடல்வெப்பம் 36.8. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே ஓடியது. வந்த அக்கா குழந்தையைப் பார்க்காமல் திரையையே முறைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புள்ளையப் பாருக்கா. அங்க என்ன படமா ஓடுது?”

“எண் ஆடவே இல்லடி. கொஞ்சம் ஏறும், இறங்கும். இது வந்ததுலேருந்து அப்படியே நிக்குது.”

“நல்லதுதானே?”

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். “சிஸ்டர், குழந்தையோட காலைத் தொட்டுப் பாருங்க.”

“திரையில சரியாத்தானே இருக்கு மேடம்?”

“அத எழுதினவளே சொல்றேன். தொட்டுப் பாருங்க.”

கால் சில்லிட்டிருந்தது. வயிற்றில் ஒட்டிய சென்சார் கழன்று கிடந்தது. நர்ஸ் குழந்தையை எடுத்து என் நெஞ்சோடு வைத்துப் போர்த்திவிட்டு, மற்றப் பெட்டிகளில் இருந்த குழந்தைகளைத் தொட்டுப் பார்க்க ஓடினார்.

பிஞ்சுக் காலில் சூடு ஏறிய பிறகு அக்கா நடந்ததைச் சொன்னாள். வெப்பத்தை அளந்துவரும் பகுதியிடம் ஒரு பாத்திரத்தைக் கொடுத்தனுப்புவதுபோல எழுதியிருக்கிறாள். உள்ளே எதுவும் போடாமல் கொடுக்கிறாயே என்று கம்பைலர் முணுமுணுத்தது. மேலாளருக்கோ ஒரு முணுமுணுப்பும் இருக்கக்கூடாது. பாத்திரத்தின் பெயருக்கு முன்னால் ‘அவுட்’ என்று எழுதிவிட்டால், நிரப்பித் தருவது அந்தப் பகுதியின் பொறுப்பு என்று கம்பைலர் அடங்கிவிடும். எழுதிவிட்டாள். சென்சார் கழன்றால் அது நிரப்பாமலே திரும்பும், பாத்திரத்தில் முந்தைய முறை நிரப்பிய பழைய எண்ணே கிடக்கும், அதை நம்பிப் பெட்டி சூடேற்றாமல் இருந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“பூட்ட இழுத்து இழுத்துப் பாப்பியேக்கா,” என்றேன்.

“கம்பைலர் கேட்டுச்சுடி. நான்தான் அதோட வாய அடைச்சேன்.”

பிறகு போனை எடுத்து, அந்தப் பெட்டி இருக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டாள். “திரைய நம்பாதீங்க. குழந்தையத் தொட்டுப் பாருங்க.”

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் கை ஒழியவில்லை. கையில் என் மகள் இருந்தாள்.