ராத்தா துணி கட்டிய கத்தரிக்காய்

நான் மடையன். இதை முதலிலேயே எழுதிவிட்டால், வாசித்துக் கண்டுபிடிக்கிற சிரமம் உங்களுக்கு மிச்சம். சும்மா மடையனுமில்லை, திருகோணமலையில், மாசி வெயிலில், கோவா என்கிற முட்டைக்கோஸ் நட்ட மடையன்.

நேற்றுக் கடையில் விதைப் பைக்கற்றுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியே முழங்காலளவு பனி. இந்தக் கனடாவில் மாசி மாதத்து மண்ணைக் கோடரியால்தான் கொத்தவேண்டும், ஆனாலும் விதை விற்கிறார்கள். ஒரு பைக்கற்றில் கத்தரிக்காய்ப் படம், பொலிஷ் போட்ட சப்பாத்து மாதிரி மினுங்கியது. கையில் எடுத்தேன். உள்ளே விதைகள் சரசரத்தன. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். "என்னப்பா, வாங்கேல்லையா?" என்று மகள் கேட்டாள். "விலை கூட" என்றேன். பொய்.

அந்தச் சரசரப்பை முன்பு சுலைகா ராத்தாவின் போத்தலுக்குள் கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்தடியில் எங்கள் கந்தோர் குவாட்டர்ஸ். நான் அந்த அலுவலகத்தில் கிளாக்கர், புதுக் கலியாணம், மனைவி பூமணி. மூக்குக்கு ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் கருவாடு. மாரி மழை விடுகிற நாட்களில் மட்டும் ஈரமண் வாசம் இரண்டையும் தள்ளிவிட்டு வீட்டுக்குள் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா வீடு. ராத்தா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அக்கா. எங்களுக்கும் அப்படித்தான் ஆகிவிட்டார். அவருடைய கணவர் மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகிற மோட்டார்ப் படகில், லாஞ்சில், வேலை செய்தார்.

தை முடிகிறபோது ஊர் முழுக்க ஒரே கதைதான்: என்ன நடுறது? மண்ணில் மிச்சமிருக்கிற ஈரம் இரண்டு மூன்று கிழமைதான் தாங்கும். அதற்குள் முடிவெடுக்காவிட்டால், பிறகு கிணற்றுக்கும் பாத்திக்கும் இடையில் வாளியோடு நடந்தே சாகலாம். வெண்டியா, பயிற்றையா, கெக்கரியா என்று லாஞ்சிலும் சலூனிலும் வழக்காடுவார்கள். வெளிநாட்டுச் சாமான் வரத்துக் குறைந்து, வீட்டுக்கு வீடு தோட்டம் செய்யச் சொன்ன காலம் வேறு. எங்கள் கந்தோர்ப் பெரியவர் மலைநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "இஞ்ச ஒருத்தரும் கோவா போடுறதில்லையோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் போட்டிட்டன் சேர்" என்றேன். போட்டிருக்கவில்லை. அதோடு நின்றேனா? சித்திரையில் என் தோட்டத்து மரக்கறியோடு சாப்பிட வாருங்கள் என்று அழைத்தும் விட்டேன். பதவி உயர்வு ஒன்று வருவதாகக் கதை அடிபட்டது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அவசரமாக வாங்கி நட்ட நாற்றுகளை ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"கோவா, ராத்தா."

"இந்த வெக்கைக்கு அது எங்க உருண்டு கட்டுறது? சும்மா இலைய விரிச்சிட்டு நிக்கும், உங்களப் போல."

பூமணிக்கு வாய்ப்பாகப் போயிற்று. "வெண்டி போடுவம் எண்டு சொன்னனான் ராத்தா. கிளாக்கர் ஐயாவுக்கு வெண்டி மரியாதை காணாதாம்."

ராத்தாவுக்கு அந்த வருஷம் என்ன நடுவது என்ற கேள்வியே இருக்கவில்லை. மூதூரில் இருந்த அவருடைய உம்மா அந்த மாரியில்தான் இறந்துபோனார். அதே மழையில் வெள்ளம் ஏறி உம்மாவின் வளவை வழித்துக்கொண்டு போனது. உம்மா வைத்திருந்த கத்தரி ஒரு தனி இனம். ஊதா நிறம், காம்படியில் வெள்ளைக் கீறல். அதில் மிஞ்சியது, ராத்தா எப்போதோ சாம்பலில் புரட்டி மருந்துப் போத்தலில் போட்டுவைத்த ஒரு சிட்டிகை விதை. போத்தலை எங்கள் காதடியில் குலுக்கிக் காட்டினார். "உம்மாட கைப்பட்டதில இவ்வளவுதான் மிச்சம்."

பழைய விதை. மூன்றுதான் முளைத்தன. இரண்டை ஆடு தின்றது. மூன்றாவது வேலியோரம் நின்று, என் பக்கமாகத் தலையை நீட்டி, பங்குனிக் கடைசியில் காய்த்தது. வந்த பிஞ்செல்லாம் பூச்சி. ஒன்று மட்டும் நன்றாகத் திரண்டது. அதன் காம்பில் ராத்தா ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினார். விதைக்கு விட்ட காய், கை வைக்காதே என்று அர்த்தம். அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும். நானோ கண்ணூறு படாமல் கட்டியது என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் பூசணிக்கொடிக்குப் பழைய செருப்பே கட்டுவார்கள். துணி பெரிய விஷயமா?

பெரியவர் சாப்பிட வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் கோவாக்கள் இலையை விரித்துக்கொண்டு நின்றன. ராத்தா சொன்னபடி, என்னைப் போலவே. வேலியில் அந்தக் கத்தரிக்காய் தொங்கியது. துணியை அவிழ்த்தேன், மடித்து வேலிக் கம்பியில் செருகினேன், நேர்மையான ஆள் பாருங்கள். காயைக் குசினிக்குக் கொண்டுபோனேன்.

"ஏதப்பா இது?"

"ராத்தாட மரத்தில, எங்கட பக்கம் தொங்கினது."

"கேட்டனீங்களே?"

"பிறகு சொல்லுவம். இன்னும் காய்க்கும்தானே."

பூமணி பொரித்தாள். பெரியவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "விதை முத்திப்போச்சு" என்று சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கினார். போகும்போது பாத்தியைப் பார்த்து, "இது கோவா இல்லைத் தம்பி, கீரை" என்றார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

அன்று பின்னேரம் ராத்தா வேலியடியில் நின்றார். கையில் அந்தச் சிவப்புத் துணி.

"தம்பி, இதில இருந்த காய்?"

"அது பெரியவர்ட வயித்தில, ராத்தா. பிரமோஷன் எடுக்கப் போயிருக்கு" என்றேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். என் பகிடிக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவர், துணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வந்த பூமணி அந்தத் துணியைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். அவள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

குப்பைக்குள் கிடந்த காம்புத் துண்டிலிருந்து ஏழெட்டு விதை பொறுக்கி நட்டேன். பெரியவருக்கு முத்தின விதை, மண்ணுக்குப் பிஞ்சு. ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் மரமும் வாடல் பிடித்துச் செத்தது. இரண்டு ஞாயிறு லாஞ்சேறிப் போய் மூதூரிலும் கட்டைபறிச்சானிலும் வீடு வீடாகக் கேட்டேன். பச்சை காட்டினார்கள், வெள்ளை காட்டினார்கள், வரிக் கத்தரி காட்டினார்கள். காம்படியில் வெள்ளைக் கீறலோடு ஊதாக் கத்தரி ஒருவரிடமும் இல்லை. ராத்தா ஒரு சொல் ஏசவில்லை. வேலிக்கு மேலால் கறிக்கோப்பை வழக்கம்போல வந்தது. அதைச் சாப்பிடத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது.

பிறகு எண்பதுகள் வந்தன, சண்டையோடு. ஒரு பெட்டியோடு நாங்கள் வெளியேறினோம். குவாட்டர்ஸ் இல்லை, வேலி இல்லை, ராத்தாவின் கணவர் இல்லை. இங்கே வந்தும் ஒவ்வொரு மாசியும் ஜன்னலடியில் வெறும் சாடியை வைத்துக்கொண்டு, "என்னப்பா நடுவம்?" என்று கேட்ட பூமணி, போன வருஷம் போய்விட்டாள். இந்த மாசியில் அதைக் கேட்க ஆளில்லை.

இன்று காலை கிண்ணியாவுக்குப் போன் எடுத்தேன். ராத்தா இப்போது மகளோடு அங்கே இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். சுகம் விசாரித்தேன், பூமணியைப் பற்றி இரண்டு பேரும் கதைத்தோம். அதோடு போனை வைத்திருக்கலாம். நாக்கு சும்மா கிடக்குமா?

"ராத்தா, உம்மாட அந்த ஊதாக் கத்தரி இப்ப அங்க எங்கயாவது கிடக்கா?"

"திண்டது நீங்கதானே."